பிரெஞ்சுப் புரட்சியில் சொத்துரிமைக் கருத்தும் உழவர் எழுச்சியும் (1789–1793)

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சுப் புரட்சியை ஒரே வர்க்கத்தின் எழுச்சியாகவோ அறிவொளிச் சிந்தனையின் நேரடி விளைவாகவோ காணும் போக்கு உண்டு. சொத்துரிமை என்னும் கருத்தை நடுத்தர வர்க்கத்தினரும் உழவரும் வெவ்வேறாகப் பொருள்கொண்டனர் என்பதையும், அம்முரண் முடியாட்சியின் வீழ்ச்சிக்குப் பின்னரே தீர்ந்தது என்பதையும் நிலமானியக் கடமைகள் ஒழிக்கப்பட்ட வரலாற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிரெஞ்சுப் புரட்சி, மூன்றாம் பிரிவு, நிலமானிய முறை, சொத்துரிமை, உழவர் எழுச்சி.

முன்னுரை

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.8 கோடி. மதகுருமார், பிரபுக்கள், ஏனையோர் என மூன்று பிரிவினராகச் சட்டம் அவர்களை வகுத்திருந்தது. மூன்றாம் பிரிவில் வழக்கறிஞர், வணிகர், கைவினைஞர், கூலியாட்கள், உழவர் என அனைவரும் அடங்குவர். அவருள் பெரும்பான்மையினர் உழவரே. எனவே மூன்றாம் பிரிவு என்பது சட்டம் தந்த பெயரேயன்றி ஒரு வர்க்கத்தின் பெயரன்று.

பிரபுக்கள், நடுத்தர வர்க்கத்தினர், நகர மக்கள், உழவர் ஆகியோரின் நான்கு புரட்சிகள் 1789இல் ஒன்றுகூடின என்று ஜார்ஜ் லெஃபெவ்ர் 1939இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். ஆல்ஃபிரட் காபன் 1964இல், புரட்சியை முன்னெடுத்த நடுத்தர வர்க்கத்தினர் பெரிதும் அரசுப் பதவியாளரும் வழக்கறிஞருமே என்றும், நிலமானியக் கடமைகளின் ஒழிப்பு உழவரின் அழுத்தத்தால் நேர்ந்தது என்றும் வாதிட்டார். இவ்விவாதத்தின் உரைகல்லாக அமையத்தக்கவை, அக்கடமைகள் குறித்து 1789 முதல் 1793 வரை இயற்றப்பட்ட சட்டங்கள்.

தேசம் என்னும் கருத்து

1788இல் அரசுச் செலவில் ஏறத்தாழப் பாதி, கடனுக்கான செலவாகவே கழிந்தது. சலுகை பெற்றோர் வரிச் சீர்திருத்தத்தை எதிர்த்தமையால், 1614க்குப் பின் கூட்டப்படாதிருந்த எஸ்டேட்ஸ் ஜெனரல் 1789 மே 5 அன்று வெர்சாய் நகரில் கூடியது. வாக்குகளைப் பிரிவுவாரியாக எண்ணுவதா, தலைக்கு ஒன்றாக எண்ணுவதா என்னும் பூசல் எழுந்தது. மூன்றாம் பிரிவே தேசம் என்னும் கருத்தை அவ்வாண்டு ஜனவரியில் வெளியிட்ட சிறுநூலில் சியேயஸ் முன்வைத்திருந்தார். ஜூன் 17 அன்று அப்பிரிவினர் தம்மைத் தேசியப் பேரவையாக அறிவித்துக்கொண்டனர்.

இறையாண்மை மன்னரிடமிருந்து தேசத்திற்கு மாறியது; எனினும் மன்னர் நீக்கப்படவில்லை. 1791ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சட்டங்களை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அவருக்கு அளித்தது. மூன்று நாள் கூலிக்கு இணையான நேரடி வரியேனும் செலுத்தும் ஆண்களுக்கே வாக்குரிமை கிட்டியது. தேசம் அனைவரையும் உள்ளடக்கியதாகக் கூறப்பட்டாலும், அரசியல் உரிமை சொத்துடையோரையே சார்ந்திருந்தது.

சொத்துரிமை: இருவேறு பொருள்கள்

1789 ஜூலையில் பல பகுதிகளில் உழவர் பிரபுக்களின் மாளிகைகளைத் தாக்கி, தம் கடமைகள் பதிவாகியிருந்த ஆவணங்களை எரித்தனர். அவ்வச்சூழலில்தான் ஆகஸ்ட் 4 இரவு பேரவை சலுகைகளைத் துறந்தது. நிலமானிய முறையை முற்றிலும் அழிப்பதாக ஆகஸ்ட் 11இல் இறுதிசெய்யப்பட்ட ஆணை அறிவித்தது. ஆயினும் அறிவிப்பும் நடைமுறையும் ஒன்றாக இல்லை.

பண்ணையடிமை நிலை சார்ந்த கடமைகள் ஈடின்றி ஒழிந்தன. நிலத்தின் மீதான கடமைகளோ ஒப்பந்தத்தால் விளைந்த சொத்தாகக் கருதப்பட்டன. 1790 மே மாதச் சட்டப்படி, பணமாகச் செலுத்தும் கடமைக்கு ஆண்டுத் தொகையின் 20 மடங்கும், தானியமாகச் செலுத்துவதற்கு 25 மடங்கும் ஈட்டுத்தொகை தரவேண்டும். ஆண்டுக்கு 10 லிவ்ர் செலுத்திய உழவர் விடுதலை பெற 200 லிவ்ர் திரட்ட வேண்டியிருந்தது. அதுவரை பழைய கடமை தொடரும். மனித உரிமைப் பிரகடனத்தின் 17ஆம் பிரிவு சொத்துரிமையைப் புனிதமானது என்றது. பிரபுவல்லாத செல்வர் பலரும் நிலமானிய உரிமைகளை விலைக்கு வாங்கியிருந்தனர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

உழவரும் சொத்துரிமையை மறுத்தாரல்லர். தாம் உழுத நிலம் தமது சொத்தென்றும், பிரபுவின் உரிமை வலிமையால் பறித்ததென்றும் கொண்டு, பல இடங்களில் மூல ஆவணத்தைக் காட்டுமாறு கேட்டனர். கடமைகளைச் செலுத்த மறுத்தனர்.

முடியாட்சியின் வீழ்ச்சியும் தீர்வும்

1791 ஜூனில் மன்னர் தப்பியோட முயன்று வரேன் நகரில் பிடிபட்டமை அவர்மீதான நம்பிக்கையைக் குலைத்தது. 1792 ஏப்ரலில் தொடங்கிய போர் நெருக்கடியை முற்றச் செய்தது. ஆகஸ்ட் 10 அன்று பாரிஸ் மக்களும் தேசியக் காவல்படையினரும் துய்லரி அரண்மனையைக் கைப்பற்றினர். பதினைந்து நாள்களில், ஆகஸ்ட் 25 அன்று, மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறியது: மூல ஆவணம் காட்ட இயலாத பிரபு தம் கடமைகளை ஈடின்றி இழப்பார் எனச் சட்டம் விதித்தது. செப்டம்பர் 21இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. எஞ்சிய நிலமானியக் கடமைகள் அனைத்தும் 1793 ஜூலை 17 அன்று ஈடின்றி ஒழிந்தன.

இவ்வெற்றிக்கும் எல்லை உண்டு. கடமை நீங்கியதன் பயன் நிலமுடைய உழவருக்கே நேரடியாகச் சேர்ந்தது. நிலமற்ற கூலியாட்களுக்கு அது நிலம் தரவில்லை. தொழிலாளர் கூட்டமைப்புகளைத் தடைசெய்த 1791ஆம் ஆண்டின் லெ ஷாப்பெலியே சட்டமும் நீடித்தது.

முடிவுரை

முடியாட்சிக்கு எதிரான எழுச்சிக்குச் சொல்வளம் தந்தது அறிவொளிச் சிந்தனை. அச்சொற்களின் பொருளை முடிவுசெய்தது வர்க்கங்களின் மோதல். 1789இன் அறிவிப்பை மட்டும் கற்போருக்கு நிலமானிய ஒழிப்பு பேரவையின் கொடையாகத் தோன்றும். 1793 வரையிலான சட்டங்களைத் தொடர்ந்து நோக்கின், செலுத்த மறுத்த உழவரின் பங்கு புலனாகும். எனவே புரட்சிகளை ஆராய்வோர் பிரகடனங்களோடு அவற்றின் நடைமுறைச் சட்டங்களையும் இணைத்து நோக்குதல் இன்றியமையாதது.