தலைமுறைகளின் பெயர்

திருமுருகன்பூண்டியில் இன்று பின்னலாடை தைக்கும் கைகளுள் பல, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவை. அவர்தம் மக்கள் நாளை பெற்றோரை எவ்வாறு நினைவுகூர்வர்? கடல் கடந்து சென்ற ஒரு குடும்பத்தின் வரலாறு இதற்கு விடை பகரும்.

இத்தாலியில் உழவர் குடியில் பிறந்த சிசரே மொண்டாவி, 1906ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று மினசோட்டாவின் இரும்புச் சுரங்கத்தில் உழைத்தார். அவர் மனைவி ரோசா, தம் நாட்டுத் தொழிலாளரை வீட்டில் தங்கவைத்து அவர்களுக்குச் சமைத்துப் பரிமாறினார். 1920இல் நாடெங்கும் மதுவிலக்கு வந்தது; எனினும், வீட்டுத் தேவைக்குப் பழச்சாறு செய்துகொள்ளச் சட்டம் இடமளித்தது. இத்தாலியருக்குத் திராட்சை வாங்கி அனுப்பக் கலிபோர்னியா சென்ற சிசரே, பின்னர் அங்கேயே குடியேறித் திராட்சை வணிகரானார்.

1943இல் நாபா பள்ளத்தாக்கில் சார்லஸ் குரூக் மதுச்சாலையை 75,000 டாலருக்கு வாங்கினார். அது பிரஷ்யாவிலிருந்து வந்த குரூக் 1861இல் நிறுவியது. தமக்கு முன் வந்தவரின் பெயரை மொண்டாவி குடும்பத்தார் மாற்றவில்லை. பின்னாளில், பலவகைக் கருந்திராட்சைகளின் மதுவைக் கலந்து அவர்கள் ஆக்கிய செம்மதுவுக்குத் ‘தலைமுறைகள்’ எனும் பொருளில் பெயர் சூட்டினர்.

மதுவைப் போற்றுதல் நம் நோக்கமன்று. அப்பெயரில் உறையும் நன்றியே நாம் கருதத்தக்கது. வந்த வழி வீட்டில் பேசப்படாவிடின், ஒரே தலைமுறையில் மறைந்துபோகும். மாணவர்களே, உங்கள் பெற்றோரோ பாட்டனாரோ எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில், எதன் பொருட்டுப் புறப்பட்டனர்? இன்றிரவே கேட்டு எழுதி வையுங்கள்.