புதுச்சேரியில் பணக்கொள்கை

பணக்கொள்கை என்பது, புழக்கத்திலுள்ள பணத்தின் அளவையும் கடனுக்கான வட்டியையும் கூட்டியோ குறைத்தோ, விலைவாசியின் பொதுவான ஏற்றமாகிய பணவீக்கத்தை மைய வங்கி கட்டுக்குள் வைக்கும் முறையாகும். புதுச்சேரி தனக்கென நாணயமும் நோட்டும் கண்ட நகரமெனினும், அவற்றின் மதிப்பு பெரும்பாலும் வேறிடத்திலேயே தீர்மானிக்கப்பட்டது.

ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியிடம் பிரெஞ்சு ஆளுநர் துமா 1736-இல் பெற்ற உரிமையைக் கொண்டு பிரெஞ்சுக் கம்பெனி இங்கு வெள்ளி ரூபாய்களை அச்சிட்டது. அந்த ரூபாய்க்கு மதிப்பளித்தது அதிலிருந்த வெள்ளியே ஆதலால், அக்காலத்தில் கொள்கைக்கு அதிக இடமில்லை. 1875-இல் பாரிசில் தோன்றிய இந்தோசீன வங்கி, 1877-இல் புதுச்சேரியில் கிளை திறந்து நோட்டு வெளியிடும் தனியுரிமையைப் பயன்படுத்தியது. ஆனால் அது பங்குதாரர்களின் வணிக வங்கியே. அதன் ரூபாயும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்குச் சமமாக வைக்கப்பட்டிருந்தது. ஆகவே, 1893-இல் பிரிட்டிஷ் இந்தியா தன் நாணயச்சாலைகளைப் பொதுமக்களின் வெள்ளிக்கு மூடி, பின்னர் பவுனுக்கு 15 ரூபாய் என்ற மாற்று விகிதத்தை நிலைநிறுத்தியபோது, அம்முடிவில் எந்தப் பங்குமற்ற புதுச்சேரியும் அதற்குக் கட்டுப்பட்டது.

இப்பிணைப்பு நன்மையும் தீமையும் தந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சின் நாணயமாகிய பிராங்கு சரிந்து, 1928-இல் முன்னைய தங்க மதிப்பில் ஐந்தில் ஒரு பங்காக நிலைபெற்றபோது, ரூபாயில் கணக்கு வைத்திருந்த இந்நகரம் அந்த வீழ்ச்சியிலிருந்து தப்பியது. இரண்டாம் உலகப் போரிலோ நிலைமை தலைகீழானது. பிரிட்டனின் போர்ச் செலவுக்காக லண்டனில் குவிந்த ஸ்டெர்லிங் இருப்பை ஈடாகக் காட்டி இந்திய ரிசர்வ் வங்கி நோட்டுகளை வெளியிட, புழக்கம் ஐந்து மடங்குக்கு மேல் பெருகி விலைகள் ஏறின. எல்லைக்கோடு அதைத் தடுக்கவில்லை.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி இந்தியாவிடம் வந்தபின், 1935-இல் நிறுவப்பட்ட ரிசர்வ் வங்கியே இங்கும் நேரடியாகப் பணத்துக்குப் பொறுப்பானது. ஆயினும் அரசின் பற்றாக்குறையைத் தற்காலிகக் கருவூல உண்டியல்கள் வழியே புதுப்பணத்தால் நிரப்பும் வழக்கம் 1997 வரை நீடித்ததால், மைய வங்கியின் கை கட்டுண்டிருந்தது என்றே கூற வேண்டும். உர்ஜித் படேல் குழுவின் 2014 அறிக்கையை அடியொற்றி 2016-இல் சட்டம் திருத்தப்பட்டு, பணவீக்க இலக்கு 4 விழுக்காடு, அதிலிருந்து இருபுறமும் 2 விழுக்காடு வரை விலகல் என வகுக்கப்பட்டது. ஆறு உறுப்பினர் கொண்ட குழு ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி குறுகிய காலக் கடன் தரும் வட்டியை, முடிவு செய்கிறது. அது உயர்ந்தால் வீட்டுக்கடனும் தொழிற்கடனும் விலையேறித் தேவை தணியும். மழை பொய்த்து ஏறும் காய்கறி விலைக்கு இம்மருந்து மெதுவாகவே வேலை செய்யும். 2022-இல் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் பணவீக்கம் 6 விழுக்காட்டைத் தாண்டியதால், சட்டப்படி வங்கி அரசுக்கு விளக்க அறிக்கை அனுப்ப நேர்ந்தது. 2022 மே மாதம் வரை 4 விழுக்காடாக இருந்த ரெப்போ 2023 பிப்ரவரியில் 6.5 ஆனது.

பிரெஞ்சுக் குடியுரிமையுடன் இந்நகரில் வாழும் ஓய்வூதியர்களின் குடும்பங்களுக்கு இன்றும் வருவாய் யூரோவில் வருகிறது, செலவு ரூபாயில் ஆகிறது. முன்னதற்குப் பிராங்பர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய வங்கி வைத்துள்ள பணவீக்க இலக்கு 2 விழுக்காடு. பின்னதற்கு மும்பையிலுள்ள ரிசர்வ் வங்கிக்கு வகுக்கப்பட்டுள்ள இலக்கு 4 விழுக்காடு.