சொந்த மண்ணின் பலம் எவ்வளவு?

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துச் சிறுவர்களுக்கு விடுமுறை நாள் என்றால் ஒரு டென்னிஸ் பந்தும் மட்டையும் போதும். வேற்றுத் தெரு அணியோடு கிரிக்கெட் மேட்ச் வைக்கும்போது முதலில் எழும் வாக்குவாதம், எங்கே ஆடுவது என்பதுதான். ‘எங்கள் இடத்துக்கு வாருங்கள்’ என்று இரு தரப்பாரும் அழைப்பார்கள். இது விருந்தோம்பல் அன்று! எங்கே மண் இளகியிருக்கிறது, எந்தச் சுவரில் பட்ட பந்து எப்படித் திரும்பும், கடற்காற்று எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அந்தத் தெருப் பிள்ளைகளுக்கே தெரியும்.

கடற்காற்றையே எடுத்துக்கொள்வோம். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. அதன் மேலுள்ள காற்று விரிந்து இலேசாகி மேலெழுகிறது. கடலின் மேலிருக்கும் குளிர்ந்த காற்று கரையை நோக்கி வீசுகிறது. அது வீசும்போது கிழக்கே தூக்கி அடித்த பந்து தடைப்படும். மேற்கே அடித்த பந்து இன்னும் சற்றுத் தூரம் போகும். இதை அறிந்தவன் ஆட்டத்தில் சில ஓட்டங்கள் கூடுதலாகச் சேர்ப்பான்.

அப்படியானால் உலகக் கோப்பையைத் தன் மண்ணில் நடத்தும் நாட்டுக்கே வெற்றி நிச்சயம் என்று சொல்லலாமா? விடையைத் தேடி, துறைமுகத்தைத் தாண்டித் தெற்கே சேப்பாக்கம் வரை சென்று வருவோம்.

1987 அக்டோபர் 9. இந்தியாவும் பாகிஸ்தானும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பையில், இந்தியா தன் முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டது. டீன் ஜோன்ஸ் அடித்த ஒரு பந்தை நடுவர் நான்கு ஓட்டம் என்று அறிவித்திருந்தார். அது ஆறு என்றனர் ஆஸ்திரேலியர். இடைவேளையில் இந்தியத் தலைவர் கபில்தேவ் அதை ஒப்புக்கொண்டார். 268 ஆக இருந்த எண்ணிக்கை 270 ஆயிற்று. பிறகு ஆடிய இந்தியாவுக்குச் சென்னைக்காரரான ஸ்ரீகாந்த் 70 ஓட்டங்களும் சித்து 73 ஓட்டங்களும் எடுத்துக் கொடுத்தனர். ஆனாலும் ஒரு பந்து மீதமிருக்க, இந்தியா 269 ஓட்டங்களில் ஆட்டமிழந்தது. சொந்த மண்ணில் ஒரே ஓட்டத்தில் தோல்வி! அத்தொடரில் போட்டியை நடத்திய இரு நாடுகளுமே அரை இறுதியில் தோற்றன. கோப்பை ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று.

சொந்த மண் உதவவில்லையா? உதவியது. ஆனால் அந்த உதவி எவ்வளவு பெரிது என்பதே கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திறமையாலும் பழக்கத்தாலும் நடத்தும் அணிக்கு எதிரணியைவிடப் பத்துப் பந்துக்கு ஓர் ஓட்டம் அதிகம் கிடைக்கிறது எனக் கொள்வோம். இருபது ஓவரில், அதாவது 120 பந்துகளில், இந்த ஆதாயம் 12 ஓட்டங்கள். ஐம்பது ஓவரில், 300 பந்துகளில், 30 ஓட்டங்கள். பந்துகள் பெருகினால் ஆதாயமும் அதே விகிதத்தில் பெருகும்.

தற்செயல் அப்படிப் பெருகுவதில்லை. தவறிய ஒரு கேட்ச், மட்டையின் விளிம்பில் பட்டு எல்லையைத் தொட்ட ஒரு பந்து ஆகியவை இரு பக்கமும் நிகழ்ந்து ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆகவே தற்செயலின் ஏற்ற இறக்கம் பந்துகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளரும். இருபது ஓவரில் அது 30 ஓட்டங்கள் என்றால், ஐம்பது ஓவரில் 75 ஆகாது, ஏறத்தாழ 47தான். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவைப் புள்ளியியலார் திட்ட விலக்கம் என்பர்.

இப்போது ஒப்பிடுங்கள். நீண்ட ஆட்டத்தில் 47க்கு எதிரே 30; குறுகிய ஆட்டத்தில் 30க்கு எதிரே 12. விக்கெட்டுகளின் கணக்கை விட்டுவிட்டு எளிமையாகப் பார்த்தால், வெற்றி வாய்ப்பு ஐம்பது ஓவரில் 100க்கு 74. இருபது ஓவரில் 100க்கு ஏறத்தாழ 65.

இன்னொன்றும் உண்டு. அரை இறுதி, இறுதி என இரண்டையும் அடுத்தடுத்து வெல்ல வேண்டுமானால் வாய்ப்புகளைப் பெருக்க வேண்டும். 65ஐ 65ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 42. பலமான அணியே ஆனாலும், அரை இறுதிக்கு வந்த பிறகும், குறுகிய ஆட்டத்தில் கோப்பை கைநழுவுவதற்கே வாய்ப்பு அதிகம்!

வரலாறு என்ன சொல்கிறது? ஆடவருக்கான முதல் ஒன்பது இருபது ஓவர் உலகக் கோப்பைகளில் (2007 முதல் 2024 வரை) ஒன்றைக்கூட நடத்திய நாடு வெல்லவில்லை. 2012இல் இலங்கை கொழும்பில் இறுதி ஆட்டத்தில் தோற்றது. 2016இல் இந்தியா மும்பையில் அரை இறுதியில் தோற்றது. ஐம்பது ஓவர் போட்டியிலோ 2023 வரையிலான 13 தொடர்களில் நான்கை நடத்திய நாடுகள் வென்றன: 1996இல் இலங்கை, 2011இல் இந்தியா, 2015இல் ஆஸ்திரேலியா, 2019இல் இங்கிலாந்து.

இதை ஒரு சாபம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும், ஒன்பது முறையும் தவறிப்போக 100க்கு 13 வாய்ப்பு உண்டு. ஒன்பது என்பது சிறிய எண்.

2023ஐயும் நினைத்துப் பாருங்கள். இந்தியா தொடர்ந்து பத்து ஆட்டங்களை வென்று, அகமதாபாத் இறுதியில் தோற்றது. ஒவ்வோர் ஆட்டத்திலும் 100க்கு 90 வாய்ப்புள்ள அணிகூடப் பதினொன்றையும் வெல்ல 100க்கு 31 வாய்ப்பே உண்டு.

இந்தக் கணக்கை மறந்தால் என்ன ஆகும்? 1996 மார்ச் 13 அன்று கல்கத்தாவில் அரை இறுதி. இலங்கையின் 251 ஓட்டங்களுக்கு எதிரே இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்று சரிந்தபோது, கூட்டத்தினர் பாட்டில்களை வீசினர்; இருக்கைகளுக்குத் தீ வைத்தனர். ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு அளிக்கப்பட்டது. சொந்த மண்ணில் தோற்கவே கூடாது என்ற நினைப்பு, தோல்வியைத் துரோகமாகக் காட்டிவிட்டது.

1999 ஜனவரி 31 அன்று, மீண்டும் சேப்பாக்கம். பாகிஸ்தானோடு டெஸ்ட் ஆட்டம். 1987ஐப் போலவே இலக்கு 271. டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. சென்னை மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அந்தப் பாராட்டை ஏற்றனர்.

சொந்த மண் தருவது சில ஓட்டங்களின் ஆதாயம். வெற்றிக்கு உறுதிமொழி அன்று. அடுத்த ஞாயிறன்று உங்கள் தெருவுக்கே வந்து வேறோர் அணி வென்று போனால், உங்கள் சுவரையும் காற்றையும் மீறி ஆடிய அவர்களுக்குக் கைகொடுத்து அனுப்புங்கள். பிறகு, அடுத்த மேட்ச் எங்கே என்று பேசத் தொடங்குங்கள்!