ஒகேனக்கல் பரிசல் வழி: துறைகளும் காட்சிகளும்

1. பொருளும் எல்லையும்

அலாஸ்காவின் பனியாறுகளைக் காணக் கப்பலேறுகிறவர்களுக்கு ஜூனோ, ஸ்காக்வே, கெச்சிகன் என்று துறைமுகங்களின் பெயர்கள் மனப்பாடம். எந்தத் துறையில் இறங்குகிறோம், அங்கிருந்து என்ன தெரிகிறது என்பதே அந்தப் பயண நூல்களின் உள்ளடக்கம். தருமபுரி மாவட்டத்தில் கடலும் கிடையாது, பனியும் கிடையாது. ஆனால் பென்னாகரம் வட்டத்தில் காவிரி பாறைகளை அறுத்துக்கொண்டு இறங்கும் இடத்தில் பரிசல்கள் ஓடுகின்றன. அவற்றுக்கும் துறைகள் உண்டு. அந்தத் துறைகளையும் காட்சிகளையும் ஆளுவது அன்றைய நீர்வரத்துதான் என்பது இக்கட்டுரையின் துணிபு. ஒகேனக்கல்லும், அதற்குக் கீழே மேட்டூர் அணையின் பின்நீர்ப் பகுதியும் இதன் எல்லை.

2. ஓடம்

பரிசல் செய்யப் பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, வட்டமாக வளைத்து, விளிம்பைக் கட்டி முடிப்பார்கள். முன்பெல்லாம் அடியில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளை ஒட்டித் தார் பூசுகிறார்கள். முன்னும் பின்னும் இல்லாத ஓடம் இது. ஒற்றைத் துடுப்பால் ஓட்டுபவர் எந்தப் பக்கம் இழுக்கிறாரோ அதுவே முன்பக்கம். அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழ நீரிலும் பாறைமேல் உரசிக்கொண்டு போய்விடும். கரையேறியதும் பரிசல்காரர் அதைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு படியேறுவார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு கரிய கூடையும் அதன்கீழ் இரண்டு கால்களும் மட்டுமே தெரியும். பயணிகளை ஏற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. லைஃப் ஜாக்கெட் கட்டாயம். போட்டோவில் அழகாக வராது என்று அதைக் கழற்றுகிறவர்களுக்கு இரக்கம் காட்டத் தேவையில்லை.

3. துறைகளும் காட்சிகளும்

சின்னாறு, கோத்திக்கல், மாமரத்துக்கடவு ஆகியவை இங்குள்ள முக்கியப் பரிசல் துறைகள். நீர் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, எந்தத் துறையிலிருந்து ஓட்டலாம், எதை மூட வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்கிறது. பெரியபாணி, ஐந்தருவி, மணல்திட்டு ஆகியவை வழியில் சொல்லப்படும் பெயர்கள். சினிமாப் படப்பிடிப்புகளால் பெயர் பெற்ற சினி அருவியும் இங்கே உண்டு.

பாறை இடுக்குக்குள் நுழைந்ததும் வெயில் மறைகிறது. இருபுறமும் செங்குத்துச் சுவர். மேலே அருவியின் இரைச்சல். கீழே நீர் அசைவற்றுக் கிடப்பதுபோல் தோன்றும். அங்கேதான் ஓட்டுநர் துடுப்பை ஒரே பக்கம் போட்டுப் பரிசலைச் சுழற்றுவார், பிள்ளைகள் கூச்சலிடும். குளிர்பானமும் தின்பண்டமும் விற்கும் பரிசல் ஒன்று பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். அமைதியை நாடி வருகிறவர்களுக்கு அது இடைஞ்சல். என் கணக்கில் அதுவும் காட்சியைச் சேர்ந்ததே.

இப்பகுதியில் கிடைக்கும் கார்பனடைட் பாறைகளின் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். சுண்ணாம்புச்சத்து மிகுந்த பாறைக்குழம்பு பூமிக்குள்ளிருந்து மேலெழுந்து இறுகிய அரிய வகை இது. நீரில் முதலையும் நீர்நாயும் வாழ்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

4. நீர்வரத்து

அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடாவை 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் குழு கண்டபோது அதன் வாயருகே பனி அடைத்து நின்றது. இன்று அந்தப் பனி நூறு கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிட்டது. அங்கே காட்சி மாறத் தலைமுறைகள் ஆயின. ஒகேனக்கல்லில் ஓர் இரவு போதும். குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை வலுத்து, கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் மதகு திறந்தால், நேற்று நடந்து போன பாறை இன்று தண்ணீருக்கடியில் இருக்கும். வெள்ளம் மிகும்போது ஐந்தருவி அடையாளம் தெரியாமல் மூழ்கும். பரிசலுக்குத் தடை வரும்.

வரும் நீரை மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தர வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன கணக்கும் அங்கேதான் சரிபார்க்கப்படுகிறது. டெல்டா விவசாயி பார்க்கும் அதே கன அடிக் கணக்கைத்தான் பரிசல்காரரும் காலையில் விசாரிக்கிறார். அவருக்கு நீர் மிகுந்தாலும் பிழைப்பில்லை, வற்றினாலும் பிழைப்பில்லை.

5. பின்நீர்த் துறைகள்

1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை, நிரம்பும்போது ஒகேனக்கல்லை எட்டும் அளவுக்கு நீரைத் தேக்குகிறது. அந்தப் பரப்பின் தருமபுரிக் கரையில் நாகமரையும் ஒட்டனூரும், எதிரே சேலம் மாவட்டக் கரையில் பண்ணவாடியும் கோட்டையூரும் துறைகள். இங்கே ஏறுகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர். சாலை வழியாகச் சுற்றினால் வெகுதூரம் என்பதால் இருசக்கர வண்டியையும் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் ஊர்க்காரர்கள். நீர் வற்ற வற்றத் துறையும் கீழே நகர்கிறது.

ஒகேனக்கல்லோடு நின்றுவிடுவது பெருங்குறை. அணையின் நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது, பண்ணவாடியில் அணைக்காக மூழ்கிய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்கள் முதலில் தலைகாட்டும். இன்னும் வற்றினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே வரும். ஆகவே, கோடையில் அருவி மெலிந்து கிடக்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் அப்படியே ஊர் திரும்ப வேண்டாம். நாகமரைக்குப் போய்ப் படகேறி, எதிர்க்கரையில் இறங்கிப் பாருங்கள்.