செட்டிநாட்டு வீடு சொல்லும் பாடம்

வீடு வாங்குபவர்கள் தரை, கதவு, ஜன்னல் எல்லாம் பார்ப்பார்கள். எந்த அறை யாருக்கு என்பதைத்தான் யோசிப்பதில்லை. காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் அந்த யோசனைதான் முதலில் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் பர்மா, மலாயா, இலங்கையில் வட்டித்தொழிலில் ஈட்டிய பணத்தில் கட்டிய வீடுகள் இவை. பர்மா தேக்கு, இத்தாலிய மார்பிள், ஆத்தங்குடிக் கல் என்று செலவு தாராளம். ஆனால் அமைப்பில் கணக்கு உண்டு. முகப்பில் தொழிலும் விருந்தினரும், நடுவில் முற்றத்தைச் சுற்றிய வளவு, பின்கட்டில் சமையல். திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை. அவர் தனிப் 'புள்ளி'. அடுப்பும் வரவு செலவும் தனி. முற்றம் எல்லோருக்கும் பொது.

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்த தொழில் சரிந்தது. பிள்ளைகள் பல ஊர்களுக்குப் பிரிந்தார்கள். வீடோ பங்காளிகள் அனைவருக்கும் சொந்தம். பழுது பார்க்கும் செலவில் ஒத்துப்போகாத குடும்பங்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. தூண்களும் கதவுகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன.

குடும்பத்துக்கு ஏற்ற வீடு நல்ல வீடுதான். ஆனால் குடும்பம் மாறும். வாங்கும் முன் இன்றைய தேவையோடு இருபது வருடம் கழித்து வரும் தேவையையும் கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.