லக்ஸ்ரன் கிராமத்தின் திறந்த வயல்கள்

இங்கிலாந்தின் நிலவுடைமை வரலாற்றில் வேலியடைப்பு ஒரு பெருந்திருப்பமாகும். 1604 முதல் 1914 வரை நிறைவேறிய 5,200க்கும் மேற்பட்ட சட்டங்களின் வாயிலாக ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் தனியார் வேலிக்குள் அடங்கியது. பொதுமேய்ச்சல் உரிமையை இழந்த குடியானவர் பலர் கூலியாட்களாயினர். இம்மாற்றத்துக்குத் தப்பிநின்ற மிகச்சில ஊர்களுள் நொற்றிங்காம்சயரைச் சேர்ந்த லக்ஸ்ரன் தலையாயது.

1635இல், அவ்வூரின் உடைமையாளரான சேர் வில்லியம் கோர்ட்டன் என்னும் இலண்டன் வணிகருக்காக மார்க் பியர்ஸ் அதன் நிலங்களை அளந்து படம் வரைந்தார். ஒக்ஸ்போட்டின் பொட்லியன் நூலகத்திலுள்ள அப்படத்தில் உழுவோரும் அறுப்போரும் சிற்றுருவங்களாகக் காணப்படுகின்றனர். படத்திலுள்ள தென்வயல், மேல்வயல், ஆலைவயல் ஆகிய மூன்றும் இன்றும் அப்பெயர்களுடனேயே உள்ளன.

ஒவ்வொரு குடியானவரின் நிலமும் மூன்று வயல்களிலும் நீண்ட கீற்றுகளாகச் சிதறிக் கிடந்தது. ஒரு வயலில் கோதுமை, மற்றொன்றில் இளவேனிற் பயிர், மூன்றாவது தரிசு என ஆண்டுதோறும் முறை மாறிற்று. அறுவடை முடிந்ததும் கால்நடைகள் பொதுவாக மேய்ந்தன. ஒருவர் பிந்தினால் அனைவருக்கும் இடர் நேரும். ஆகவே பொது ஒழுங்கு இன்றியமையாததாயிற்று. அதனைக் காப்பது ஊர்நீதிமன்றம். நவம்பர் பிற்பகுதியில் யூரிமார் கோதுமை வயலைச் சுற்றிவந்து எல்லைக்கு முளையடிப்பர். பாதையிலோ உழாது விடப்பட்ட பொதுப் புற்றரையிலோ ஏர் புகுந்திருப்பின் தண்டம் விதிக்கப்படும். தண்டம் சிறுதொகையே, அயலார் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதே கடுமையான தண்டம் எனலாம்.

இம்முறை நிலைத்தமைக்கு மக்களின் பழமைப்பற்றே காரணம் என்பது முழுவுண்மையன்று. நிலம் இரு பெருங்குடும்பங்களிடையே பிரிந்திருந்தது; வேலியடைப்புப் பற்றி அவை உடன்பாடு காணவில்லை. பின்னர் தானிய விலை வீழ்ந்தபோது அதற்கான செலவு கட்டுப்படியாகவில்லை. ஊரின் நிலத்திற் பெரும்பகுதி படிப்படியாக அடைக்கப்பட்டே விட்டது. எஞ்சிய திறந்த வயல்கள் 500 ஏக்கருக்கும் குறைவானவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீற்றுகள் பலவும் ஒன்றுசேர்க்கப்பட்டன. யூரிமாராக அமர்ந்தோர் வயலில் நிலங்கொண்ட குத்தகையாளரே. எனவே இதனை ஊர் முழுவதற்குமான சனநாயகம் எனப் புகழ்வது மிகையாகும்.

1938இல் ஓர்வின் தம்பதியர் வெளியிட்ட ஆய்வுநூல் லக்ஸ்ரனை வரலாற்றாசிரியர் பலர் அறியச்செய்தது. 1952இல் மான்வேர்ஸ் பிரபுவிடமிருந்து விவசாய அமைச்சு அந்நிலத்தை வாங்கியது. 1981இல் அது முடிக்குரிய சொத்தாயிற்று. 2020இல் தோர்ஸ்பி பண்ணை அதனை வாங்கியது. மான்வேர்ஸ் குடும்பத்தின் பழைய உடைமையே தோர்ஸ்பி.