ஏரி வாரியமும் கிரியான் வாய்க்காலும்

நிலம் ஒருவனுக்கு உரியதாயினும், அதில் பாயும் நீர் பலருக்கும் உரியது. ஆகவே நிலப்பயன் பற்றிய முடிவு ஊரார் அனைவரையும் தொடுவதாகும். பாகான் செராய் வட்டாரத்தின் வரலாறு இதற்குச் சான்று பகரும்.

கிரியான் மாவட்டத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்த காலத்தில், நெல்லுழவர் வான்மழையையே நம்பியிருந்தனர். 1906இல் புக்கிட் மேராவில் குராவ் ஆற்றுக்கு அணையிடப்பட்டு, வாய்க்கால் வழியே வயல்களுக்கு நீர் வந்தது. 1910ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சம் எய்தவே, நெல்வயலிலும் ரப்பர் நடும் ஆசை நாடெங்கும் எழுந்தது. வெளிநாட்டு அரிசியை நம்பியிருந்த அரசு, 1917இல் நெல்நிலச் சட்டம் இயற்றி அதனைக் கட்டுப்படுத்தியது. நோக்கம் நன்று, ஆயினும் அச்சட்டம் மேலிருந்து வந்தது, உழவர் அவையில் பிறந்ததன்று.

முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளோ (919, 921) வேறொரு முறையைக் காட்டுகின்றன. ஏரி வாரியத்தார் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் இடம்பெற இயலாது. காணியும் வேதப் பயிற்சியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்தது என்னும் குறையையும் மறைத்தற்கில்லை.

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது. எனினும், அதே ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடற் சட்டம், உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்கிறது. வயல் வீட்டுமனையாக மாறினால், வடிய வழியின்றி நிற்கும் நீர் பக்கத்து வயலில் ஏறும். அதைத் தடுக்கக் குடவோலை இல்லை. ஆட்சேப மனு ஒன்றே உண்டு. அவ்வரைவைப் படித்து ஊராருக்கு விளக்குவது எழுத்தறிந்தார் கடனாகும்.